எங்கள் வீட்டில் ஓம் தடைசெய்யப்பட்ட கதை

யேசுநாதருடைய இனசனத்தில் ஒருவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கிறார் என்று அப்பா கண்டுபிடித்த நாளில் இருந்து, அம்மா வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கத் தொடங்கினார். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. மன்னாரில் இருந்து வெளிக்கிட்டு, எங்கெங்கோ இழுபட்டு, கடைசியில் டென்மார்க்கில் சில்க்போர்க் என்ற ஏரிக்கரைப் பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வந்து விழுந்திருந்தோம். கீழ்வீட்டுக் கதவில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பெயருக்கு முன்னால் 'ரபினர்', அதாவது யூதக் குரு, என்று இருந்ததை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அப்பா திடுக்கிட்டுப்போனார். யேசுவைச் சீடர்கள் 'ரபி' என்றுதானே கூப்பிட்டவர்கள்!

அந்த ரபியின் வாழ்க்கையைப் பிறகு துண்டு துண்டாக அறிந்தேன். போலந்தில் பிறந்து, சிறுவயதில் டென்மார்க்குக்கு வந்தவர். ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கிய காலத்தில், மீன்பிடி வள்ளத்தில் மீன்பெட்டிகளுக்கு நடுவே படுத்துச் சுவீடனுக்குத் தப்பியிருக்கிறார். கையில் கொண்டுபோனது உடுப்பல்ல, புத்தகங்கள். கடவுள் எழுத்துகளைச் சேர்த்துத்தான் உலகத்தைப் படைத்தார், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் கடவுளின் பெயருக்குக் கிட்டப் போகலாம் என்பது யூத ஞானிகளின் பழைய வழி. மனுசன் அதிலேயே ஊறிப்போனார். திரும்பி வந்து கோப்பன்ஹேகனில் பிரசங்கம் வைத்தபோது ஒற்றை எழுத்தைப் பற்றி மதியம் தாண்டியும் பேசுவாராம். பசித்த சனம் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? பிறகு தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதை முழுதாக வாசித்தவர் ஒரே ஒருவர். அவரும் அச்சுப்பிழைகளைக் குறித்து அனுப்பினாராம். நோயாளி மனைவிக்கு ஏரிக்காற்று நல்லது என்று சில்க்போர்க்குக்கு வந்தவர், மனைவி போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்.

எங்களுக்கோ அந்த வீடுதான் உயிர். அம்மா ஒருநாள் அரிசிமா இடித்ததற்குக் கட்டடத்துக்குப் பொறுப்பான மனுசர் ஓடிவந்து, இன்னுமொரு முறைப்பாடு வந்தால் பொறுக்கமாட்டேன் என்று விரலை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். எங்களைக் கிளப்பி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பாவுக்கு ஒரே பயம். இனி ஒருக்காலும் மூட்டை கட்டமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைகளில் கோல்டிங்கில் இருந்து பெரியம்மா போன் எடுப்பார். கோல்டிங், ஹேர்னிங் பக்கத்துத் தமிழ்ச் சனத்தின் வண்டவாளம் அத்தனையும் அன்றைக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்கும். எவர் கார்ச் சோதனையில் திரும்பவும் கோட்டை விட்டார், எவளுக்கு மாமியோடு கதைபேச்சு இல்லை, எந்த வீட்டில் பழைய உரோமக் கோட்டு வாங்கிப் புதிது என்று புளுகுகிறார்கள், எல்லாம். பெரியம்மா கதைத்தால் நடுவில் ஊசி நுழையாது. அம்மாவுக்கு வாய்த்தது ஒரே சொல். கீழ்வீட்டில் இருந்து ஏறிவரும் ஹீற்றர் குழாயோடு ஒட்டி நின்று "ஓம்... ஓமக்கா... ஓமோம்..." என்று இழுத்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணமோ மன்னாரோ, எங்கள் ஆட்களுக்கு ஆமாம் என்பதற்கு ஓம்தானே. அந்த ஒரு போனுக்காகவே அம்மா கிழமை முழுக்கக் காத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை, அம்மா போனை வைத்த கையோடு கதவில் இடி விழுந்தது. பெல் இருக்க முட்டியால் இடிக்கிறார் என்றால் ஆள் கொதித்துப்போய் வந்திருக்கிறார் என்று அப்பா முடிவு கட்டினார். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அன்றைக்கு மின்சாரப் பொத்தானைத் தொடுவதும் விலக்கு என்று எங்களுக்கு யார் சொன்னது? திறந்தால், ரபி. வெள்ளைத் தாடி, கறுப்புத் தொப்பி, படியேறி வந்ததில் சிவந்த முகம். குழாய் வழியாகக் கேட்கிறது, சனிக்கிழமை, உங்கள் மனைவி, 'ஓம், ஓம்' என்று ஏதோ டேனிஷில் தொடங்கினார். அப்பாவுக்கு விளங்கியது அவ்வளவுதான், அது போதாதா? "உன்ஸ்குல், உன்ஸ்குல்" என்று மன்னிப்புக் கேட்டபடியே கதவைச் சாத்திவிட்டார்.

"அவர் ஏசேல்லை அப்பா, வடிவா இருக்கெண்டுதான் சொன்னவர்" என்றேன் நான்.

"உனக்கென்ன தெரியும்? அது அவையின்ரை நக்கல். இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் ஓம் சொல்லக்கூடாது, விளங்கிச்சோ?"

"ஓமப்பா" என்றேன். அப்பா பார்த்த பார்வை இருக்கிறதே!

அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்ல கூத்து. சோறு போடவா என்று அம்மா கேட்டால் அப்பா பாதி ஓமில் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவார். நான் எதற்கும் டேனிஷில் "யா" என்றுவிட்டுத் தப்பிவிடுவேன். மாட்டிக்கொண்டது அம்மாதான். அடுத்த சனிக்கிழமை போனில் பெரியம்மா சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். போனில் தலை ஆட்டினால் கோல்டிங்கில் தெரியுமா? "லைனிலை நிக்கிறியோ?" என்று பெரியம்மா கத்தினார். வேறு வழியில்லாமல் அம்மா சினிமாவில் கேட்ட மாதிரி "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். சொந்த அக்காவுக்கே இந்தியாக்காரி மாதிரிக் கதைக்கிறாள், டென்மார்க் காசு கண்டதும் தலைகால் தெரியவில்லை என்று பெரியம்மா போனை அடித்து வைத்தார். அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அம்மா ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். எனக்கு அப்பாமேல் சரியான கோபம்.

ஞாயிறு பின்னேரம் பெல் அடித்தது. ரபிதான், இந்த முறை வெளிறிப்போய். வீட்டில் யாருக்காவது வருத்தமா, சுகமில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் ஜெபத்தை நிறுத்திவிட்டீர்கள், நான் வந்து கதைத்ததாலா என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே வந்து இருந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர்களுடைய சில ஜெபங்களைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டுமாம். இந்த ஊரில் அவர் ஒற்றை ஆள். சனிக்கிழமை ரேடியோவும் போடமாட்டார், வீடு செத்துக் கிடக்கும். அப்போது ஒருநாள் மேலேயிருந்து குழாய் வழியாக ஓம் இறங்கி வந்தது. இந்தியா, இலங்கைப் பக்கத்துப் புனித ஒலி அது என்று புத்தகத்தில் படித்திருக்கிறார். பிற மதத்தார் ஜெபத்துக்குத் தான் பதில் சொல்லலாமா என்று பழைய நூல்களைப் புரட்டினாராம். ஒன்று கூடாது என்றது, ஒன்று கூடும் என்றது. கூடும் என்றதை எடுத்துக்கொண்டு, அன்றுமுதல் மேலே ஒவ்வோர் ஓமுக்கும் கீழே குழாயடியில் கதிரை போட்டிருந்து "ஆமென்" சொல்லி வந்திருக்கிறார்.

மாதா கோயிலுக்குப் போகிற எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்ரை மாதாவே! அக்கா சொன்ன வம்புக்கெல்லாம் மனிசன் ஆமென் சொல்லியிருக்கிறாரே!"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. கட்டடத்துப் பொறுப்பாளர், முறைப்பாடு எல்லாம் மறந்து, ஒரு வயோதிபரை ஏமாற்றிவிட்டோமே என்ற கவலை வந்துவிட்டது. "உள்ளதைச் சொல்லிப்போடு பிள்ளை" என்றார்.

நான் சொன்னேன். அது ஜெபம் இல்லை. அது வெறும் 'யா'. அம்மா தன் அக்காவோடு போனில் கதைக்கிறவர்.

 அக்கா சொல்லும் எல்லாவற்றுக்குமா யா என்று ரபி கேட்டார். எல்லாவற்றுக்கும்தான் என்றேன். சிரிக்கத் தொடங்கினார். தாடி குலுங்கி, இருமல் வந்து, அம்மா தண்ணீர் எடுக்க ஓடுமட்டும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போகும்போது, வருகிற சனிக்கிழமை திரும்பவும் கேட்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்கே அப்பா கோல்டிங்குக்குப் போன் எடுத்து, வாழ்க்கையில் முதல்தடவையாகப் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். சனிக்கிழமை போன் வந்தது. உரோமக் கோட்டுக்காரி அதை மழையில் நனைத்துவிட்டாளாம். அம்மா "ஓமக்கா, ஓம்" என்று வாய்நிறையச் சொன்னார். கீழே கதிரை இழுபடும் சத்தம் குழாய் வழியாகக் கேட்டது.

எனக்கு அவர்மேல் பரிதாபம் பொங்கியது. இவ்வளவு புத்தகம் படித்தவருக்கு ஒரு சின்ன விஷயம் ஏறவில்லையே!

"பாவமப்பா, அவருக்கு இன்னும் விளங்கேல்லை" என்றேன். "அது சும்மா யா எண்டு நான் சொன்னன்தானே?"

 அப்பா எழும்பிப் போய், போனோடு நின்ற அம்மாவின் முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டார்.