வெற்றுப் பக்கத்தின் அழகு

அந்தச் சித்திர நாவலை இரண்டு தரம் வாசித்த கையோடு பஸ் ஏறி, கிண்ணியாவில் இருக்கும் என் தோழியிடம் கொண்டுபோனேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒருத்தியை ஒருவன் மெல்ல மெல்ல அடக்கிவிடும் காதல் கதை. பெருநாள் கழிய என் தோழிக்குக் கல்யாணம். அங்கத்தைய வழக்கப்படி அவளுடைய வாப்பா அவளுக்கென்று வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அங்கேதான் வந்து இருப்பார்.

பூச்சு காயாத அறையில் சீமெந்துப் பையில் உட்கார்ந்து நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"இங்க பாரடி, பக்கத்துக்குப் பக்கம் அவளின்ட பேச்சுக் குமிழி சின்னனாகிக்கொண்டு போகுது. என்ன கெட்டித்தனம்!"

அவளுடைய போன் அடித்தது. யாரோடு இருக்கிறாய் என்று மாப்பிள்ளை கேட்டாராம். என்னைப் படம் எடுத்து அனுப்பினாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இப்படி எத்தனையோ படங்களுக்குச் சிரித்திருக்கிறேன். "அன்பு கூடிப்போச்சு" என்று பகிடியும் பண்ணியிருக்கிறேன்.

அடுத்த கிழமை புத்தகத்தைத் திருப்பி வாங்கப் போனேன். "கடைசிப் பக்கம் எப்பிடி? அவள் கதவைத் திறந்து போறாள், பிறகு ஒரு கோடுகூட இல்ல. வெறும் வெள்ளை!"

"அதுக்குப் பிறகு அவள் எங்க போறாள்?"

"அதை நாங்கதான் யோசிக்கோணும்."

"யோசிச்சுப் பாத்திட்டன். அவள் வாடகை வீட்டில இருந்து வெளிக்கிடுறாள். நான் என்ட வீட்டை விட்டிட்டு எங்க போற?"

தாளில் கண்டு வியந்ததை அவளிடம் ஏன் காணவில்லை? அவளும்தான் போன் அடித்தால் பாதிக் கதையில் நிறுத்திவிடுவாள்.

"அவர் இஞ்ச வந்திட்டார் எண்டா நான் ஒண்டும் செய்யேலாது. இந்தக் கல்யாணம் வேணாம் எண்டு வாப்பாட்ட சொல்லப்போறன். நீ பக்கத்தில நில்."

வாப்பா புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குழாயை நிறுத்தவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க கூட்டாளிதானே மகள். உங்களுக்கு இது தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"சம்பந்தம் பேசின நாளில இருந்து."

"அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, கல்யாணத்தை நிற்பாட்டச் சொல்ல மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார். நான் குழாயைப் பூட்டினேன். அவள் பக்கம் திரும்பத் துணிவு வரவில்லை.