வியாழக்கிழமை அத்தர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனையை எடுப்பேன், பிஸ்மி சொல்வேன், தங்கச்சியின் முகம் கண்ணுக்குள் வரும், மூடி வைத்துவிடுவேன். நோயாளி கிடக்கிற அறைக்குள் நடப்பதை வெளியில் சொல்வது நம்மவர்களுக்கு வழக்கமில்லை. ஆனாலும் ஊரில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு சொல் தவறாக உலாவிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் பிறந்த இடம் எனக்குத் தெரியும். நாளை அல்லாஹ்வின் முன்னால் நிற்கும்போது நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதிகம் படித்தவனல்ல நான். பிழை இருந்தால் ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல கடல் கடந்து கிடப்பவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குவைத்துக்கு வந்தேன். ஒரு வீட்டில், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்துவிடுவது, தொழும் திசையான கிப்லாவை நோக்கித் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அவருடைய மூத்த மகள் கலியாணம் முடித்து வேறிடத்தில் இருந்தார். வியாழக்கிழமை தோறும் வருவார். வந்ததும் கதிரையில் இருக்க மாட்டார். தகப்பனின் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்ப்பார். கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே தோலைப் பெருவிரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்பி வருகிறதா என்று குனிந்து கவனிப்பார். பிறகுதான் ஸலாம். அதுவும் தகப்பனுக்கு. எனக்கு ஒரு பார்வை மட்டும். நம்முடைய பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால் கையைப் பிடித்து, சூரா ஓதி ஊதி, "எப்பிடி இரிக்கி?" என்று கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம். மனிதனை மோந்து பார்க்கிற வழக்கத்தை நான் அங்கேதான் கண்டேன்.

வந்த புதிதில் ஒரு நாள் அந்த மகள் தகப்பனின் சூம்பிப்போன தொடையைத் தடவிவிட்டு, "ஹறாம்... ஹறாம்" என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மார்க்கம் தடுத்த எந்த ஹறாமை நான் செய்தேன்? பெரியவரின் மறைவிடத்தை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. போர்வைக்கு அடியில் கையை விட்டு, உறை போட்ட கையால்தான் கழுவுவேன். சிறு வயதில் ஓதிய குர்ஆனும் ஓதித் தந்த லெப்பை சொன்ன மசாயில் என்ற மார்க்கச் சட்டங்களும்தான் என்னுடைய அறபு. அந்த அறபை வைத்துக்கொண்டு, "வல்லாஹி, ஹறாம் இல்லை, ஹலால், ஹலால்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், போய்விட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வீட்டுச் சாரதி ஒரு மலையாளி, எங்களோடு பழகி எங்கள் தமிழ் பேசுவான். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவங்க தகப்பனுக்கு இரக்கப்பட்டுச் சொல்றாங்க. நீ நிண்டு ஹலால், ஹலால் எண்டு ஏலம் கூறியிருக்கிற. நம்ம ஆக்கள் பாவம், பாவம் எண்டு சொல்றதில்லையா? அதுதான் இங்க ஹறாம்." யோசித்துப் பார்த்தேன். சரிதான். பாவம் என்றால் மறுமையில் கேள்வி கேட்கப்படுவதும்தான், ஐயோ என்று இரங்குவதும்தான். ஒரே சொல்லுக்குள் இரண்டும் கிடக்கின்றன. இத்தனை காலம் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டிருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமை காலையில் பெரியவரைக் குளிப்பாட்டி முடித்ததும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு அத்தர் வைக்கப் பழகினேன். ஏமாற்றுவதற்காக அல்ல. நான் கழுவாமல் விட்டது ஒன்றுமில்லை. ஆனால் அதனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். அத்தர் மணத்தால் எதையும் மூடிவிடலாம். அழுக்கு மூக்குக்கு எட்டாது. ஆள் வருகிற நாளில் மணக்கிற நோயாளியை நம்பக்கூடாது.

இப்போது என்னுடைய வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் அதே பாரிசவாதம். பேச்சுக் குழறும், பார்வையும் மங்கல். நம்முடைய வழக்கப்படி நான் கலியாணம் முடித்துக் கல்முனைக்குடியில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டேன். நிந்தவூர் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. வாப்பா அவளோடுதான். மகள் என்றாலும் மறைவிடம் கழுவ வாப்பா விட மாட்டார். அந்த வேலை அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான் இஸ்மாயிலின் தலையில் விழுந்தது. வயல் செய்கிற மனிதர், முன்கோபி. அவர் வாப்பாவை எப்படித் தூக்குகிறார், எப்படித் திருப்புகிறார் என்று இங்கே இன்னொருவரின் வாப்பாவைத் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பேன். ஊருக்குப் போகவிருந்த ஒரு நண்பரிடம், "ஒரு எட்டுப் போய்ப் பாத்திட்டு வா" என்றேன். அவர் திரும்பி வந்து வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டார். அவர் சொன்ன பதில் இரண்டு பேரின் வாய் மாறி, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் என்னிடம் வந்தது. "ஒங்கட வாப்பாக்கு மச்சான் செய்யிறது பாவமாம்."

இரண்டு அர்த்தம் உள்ள சொல் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனாலும் என் மனம் ஒன்றைத்தான் எடுத்தது. பாதகம் செய்கிறான் என்று. அதைக் கேட்டு நின்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விடுமுறையில் போகும்போது அந்தச் சொல்லும் சாமான்களோடு ஊருக்குப் போனது.

அடுத்த விடுமுறையில், இன்ன நாள் வருகிறேன் என்று தந்தி அடித்துவிட்டுப் போனேன். நிந்தவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வாப்பாவின் அறைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, வெட்டிய நகம், சீவிய தாடி. குனிந்து முத்தம் கொடுக்கிற சாட்டில் காதுக்குப் பின்னால் மோந்தேன். அத்தர். என்னுடைய வித்தையை எனக்கே காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மச்சான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சொல்லாமல், லுஹருக்கு முன்னால் போனேன். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "இண்டைக்கு நான் குளிப்பாட்டுறன்" என்றேன். வாளியை என் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வாப்பாவை ஒருக்களித்துத் திருப்பினேன். இடுப்புக்கு மேலே, குவைத்தில் அந்த மகள் அழுத்திப் பார்க்கிற அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண் ஆறிய வடு.

"இது என்ன மச்சான்?"

"படுக்கப் புண். ஆறிட்டு."

"எப்ப வந்த?"

"போன வெள்ளாமை வெட்டுக்கு நான் வரிப்பத்தான்சேனையில வயல் வாடியில கிடந்த. அவ தனியாப் பொரட்ட ஏலா. வாப்பாவும் விட மாட்டார். வந்து பாத்தா முதுகு பிஞ்சி கிடக்கு. மறுகா நான் வயலுக்குப் போகல்ல. குத்தகைக்குக் குடுத்திட்டன்."

"எனக்கு ஏன் அறிவிக்கல்ல?"

"ஒங்கட வாப்பாதான் வேணாமெண்ட. அவன் அங்க இரிந்து என்ன செய்யிற எண்டு கேட்ட." சாரத்தை இறுக்கிக் கட்டினார். "நீங்க வந்த அண்டைக்கு மோந்து பாத்தத நான் கண்ட மச்சான். நாய் எண்டாலும் வாலாட்டிப்போட்டுத்தான் மோக்கும்."

"என்ன கதை கதைக்கிறீங்க" என்று தங்கச்சி உள்ளேயிருந்து வந்தாள். "காக்கா, அது நீங்க அனுப்பின அத்தர்தானே. மகன் வாறான், பூசி உடு எண்டு வாப்பாதான் காலையில இரிந்து கரச்சல் தந்த."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. வயலைக் கொடுத்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். தங்கச்சி புருசனுக்காகச் சொல்லலாம். உறையை மாட்டிக்கொண்டு, குவைத்தில் செய்கிற மாதிரியே பக்குவமாகப் போர்வைக்கு அடியில் கையை விட்டேன். வாப்பாவின் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகியது. நல்ல காலால் என் கையை உதைத்தார்.

"ஆரு? ஆர்ர கை இது? மருமகனக் கூப்பிடு."

"நான்தான் வாப்பா. ஒங்கட மகன்."

மங்கிய கண்ணால் என் பக்கம் திரும்பி, "பாவம்" என்றார். கால் இறுக்கம் மட்டும் விடவில்லை. மச்சான் வந்து, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, "நான் மாமா" என்று சொல்லிக் கையை வைத்தார். அந்த உடம்பு இளகியதை நான் பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் அறிந்தது இது. நோகடித்த கை பட்டால் நோயாளியின் உடம்பு சுருங்கும். வாயால் பொய் சொல்லச் சொல்லலாம், தொடையைப் பொய் சொல்லச் சொல்ல முடியாது. மச்சானின் கைக்குள் வாப்பா பிள்ளை மாதிரிக் கிடந்தார். அந்த நண்பர் மச்சான் படுகிற பாட்டைக் கண்டு இரங்கித்தான் பாவம் என்று சொன்னார் என்பது அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது.

நான் திரும்பி வந்து அதிக காலம் செல்லவில்லை. வாப்பா மௌத் என்று தந்தி வந்தது. இன்னாலில்லாஹி. மையத்தைக் குளிப்பாட்டியவர்களில் தலைமாட்டில் நின்றது மச்சான். நான் அங்கே நின்றிருந்தாலும் வாப்பா என்னை விட்டிருப்பாரோ என்னவோ. அந்த வாரம் வியாழக்கிழமையும் வந்தது. எனக்கு ஓய்வு கொடுத்து, பெரியவரைக் குளிப்பாட்ட வேறு ஆளை அனுப்பினார்கள். அவர் உடம்பை இறுக்கிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். போய்க் கையை வைத்தேன், இளகினார். காதுக்குப் பின்னால் அத்தர் வைத்தேன். மகள் வந்தார், குனிந்து மோந்தார், நிமிர்ந்தார். என் வீட்டு மௌத்தைச் சாரதி சொல்லியிருக்க வேண்டும். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "ஹறாம்" என்றார். அர்த்தம் தெரிந்திருந்தும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அறை முழுக்க வாப்பாவின் காது மணத்தது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நிந்தவூரில் யாராவது என் மச்சானைக் காட்டிப் பழைய சொல்லைச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். புண் வந்ததையும் சொல்லுங்கள், வயல் போனதையும் சொல்லுங்கள், நான் மோந்ததையும் சொல்லுங்கள். வாப்பா சொன்ன அந்த ஒரு சொல்லை நான் எழுதிய இடத்திலேயே வையுங்கள். அது எந்தப் பாவம் என்று நீங்களாக ஒன்றை எடுத்துச் சொல்லிவிடாதீர்கள். எனக்கே அது இன்னும் தெரியாது.