கண் உயரம்

எழுபதுகளின் தொடக்கம், கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை; ஆண்டு மட்டும் உறுதியாக நினைவில்லை. கும்மிடிப்பூண்டியில் பக்கத்து வீட்டுப் பனை புயலில் வேர் பெயர்ந்து, எந்நேரமும் விழும் நிலையில் நின்றது. அந்த வீட்டில் பிள்ளை பெற்று ஐந்து நாளான பெண் இருந்தாள். தீட்டு கழியாமல் வெளியே வரக்கூடாது என்று மாமியார் வாசலை மறித்தாள்.

தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டரான அவள் கணவன், மரத்திலிருந்து முப்பது அடி தள்ளி நின்று, முக்கோண மட்டத்தைக் கண்ணருகே பிடித்து நுனியைப் பார்த்தான். கோணம் அறுபது டிகிரி.

"முப்பத, மூணோட வர்க்கமூலத்தால பெருக்குனா அம்பத்திரண்டு அடி. ஊடு மரத்துலேர்ந்து அம்பத்தஞ்சு அடில கீது. வியுந்தாலும் எட்டாதும்மா."

"நின்னுகினு தானே பாத்த? உன் கண்ணு தரையிலேர்ந்து அஞ்சடி மேல கீதேப்பா," என்றேன், எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான்.

அவன் ஐந்தைக் கூட்டிப் பார்த்தான். ஐம்பத்தேழு; வீட்டை எட்டும்.

"யம்மா, அவள வெளிய வுடு."

"தீட்டுடா."

உள்ளிருந்து அவளே பிள்ளையோடு வந்தாள். "நீங்க பேசிக்கினு இருங்க," என்று மாமியாரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். என் மனைவி பாய் விரித்தாள். மாமியார் முணுமுணுத்தபடியே பின்னால் ஓடிவந்து, முந்தானையால் குழந்தையின் தலையை மூடினாள். அப்போதுதான் பனை சாய்ந்து அவர்கள் வீட்டு ஓடுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது.