ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீர்

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு நோய் உண்டு. பச்சையாக எதைக் கண்டாலும் ஹோஸ் குழாயைத் திருப்பிவிடுவோம். குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீருக்குக் குறைவில்லாததால், தாகம் என்பது வெளியூர்க்காரர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம். நானும் அந்த நோயாளிதான். ஆனால் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். அதனால் எனக்கு மன்னிப்புக் குறைவு.

இப்போது நானும் மனைவியும் மகனின் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மருமகள் முனைவர் பட்டத்துக்கு அம்மான் பச்சரிசியை ஆராய்கிறாள். கிள்ளினால் பால் வடியுமே, அந்தப் பூண்டு. வயல் வரப்பில் நிமிர்ந்து நிற்கும். நடைபாதை ஓரத்தில் பாதி படுத்து, பாதி எழுந்திருக்கும். சுரங்க மண்மேட்டின் உச்சியிலோ தட்டு போலத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதற்கு உறவான சித்திரப்பாலாடை எங்கே முளைத்தாலும் படுத்தேதான் வளரும்; அது பிறவிக் குணம். மண்மேட்டு அம்மான் பச்சரிசிக்கும் அப்படித்தானா, இல்லை அந்த இடம் படுக்கவைத்ததா? இதுதான் அவள் கேள்வி.

விடை காண, மூன்று இடத்து விதைகளையும் கொல்லையில் ஒரே மண்ணில் மூன்று வரிசையாக விதைத்தாள். மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. கம்மாபுரம் பக்கத்துப் பெண்; எதையும் ஒருமுறைதான் சொல்வாள்.

“மாமா, கைய வச்சுகினு சும்மா இருங்க. ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது.”

“எனக்கே பாடமா?” என்றேன். சோதனையில் ஒப்பிட ஒரு செடியைத் தனியே வைக்க மறந்த மாணவர்களுக்கு இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைத்தவன் நான்.

வெயில் ஏறியது. வரப்பு வரிசையும் நடைபாதை வரிசையும் எப்படியோ சமாளித்தன. மண்மேட்டு வரிசை சுருண்டு கிடந்தது. மருமகள் கல்லூரிக்குப் போனதும் ஹோஸை எடுத்தேன். அந்த ஒரு வரிசைக்கு மட்டும். ஏழைப் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் பேனா வாங்கிக்கொடுக்கிற பெருமிதம்.

சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. “என்னங்க, அவ வேண்டாம்னு சொன்னாளே?”

“வாடுதுடி.”

“வாடுதான்னு பாக்கத்தானே வச்சிருக்கா?”

அடுத்த நாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும்.

செடிகள் நன்றியுள்ளவை, நிமிர்ந்தன. மருமகள் குந்தி உட்கார்ந்து அளந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “மாமா, எழுந்திரிச்சிடுச்சு! பிறவிக் குணமே இல்லீங்க, எடந்தான் படுக்க வச்சிருக்குது!”

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “பிரமாதம்மா” என்றேன். தண்ணீர் ஊற்றியதைவிடப் பெரிய தவறு அந்த ஒரு சொல்தான்.

முடிவைக் கட்டுரையாக எழுதிக் கருத்தரங்கில் வாசிக்க அவள் கிளம்பிய காலையில்தான் எனக்கு வாய் வந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

“எந்த வரிசைக்கு ஊத்துனீங்க?”

“மண்மேட்டு வரிசைக்கு.”

“அதுக்கு மட்டுமா?”

“மட்டும்தான்.”

“எல்லாத்துக்கும் ஊத்தியிருந்தாக்கூட எதையாவது தேத்தியிருப்பேன் மாமா. எங்க ஊருல கொடத்த வரிசையா வச்சுகினு நிப்பாங்க. இங்க கொழாய மூடி வைக்க ஒங்களால முடியல.”

மனைவி குறுக்கே வந்தாள். “அவருக்கும் இது பிறவிக் குணம் இல்லம்மா. நெய்வேலிக்கு வர்றதுக்கு முன்னாடி கோவில்பட்டியில அரை வாளித் தண்ணியில குளிச்ச மனுசன்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் கட்டுரை வாசிக்கவில்லை. அந்தப் பருவமே வீணாயிற்று. நான் கேட்ட மன்னிப்பு அதில் ஒரு நாளைக்கூடத் திருப்பித் தரவில்லை.

மறுபடி விதைத்திருக்கிறாள். இம்முறை ஒவ்வோர் இடத்து விதைக்கும் இரண்டு வரிசை. ஒன்றுக்குத் தண்ணீர், ஒன்றுக்குக் கிடையாது. ஹோஸை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, என் கையில் ஓர் அளவுக் குவளையைக் கொடுத்தாள்.

“ஊத்தாம ஒங்களால இருக்க முடியாது. அதனால ஊத்துற வேலைய ஒங்களுக்கே குடுத்துட்டேன்.”

தினமும் காலையில் அளந்து ஊற்றுகிறேன். தண்ணீர் பெறும் செடிகள் என்னைப் பார்த்து எழுகின்றன. பக்கத்து வரிசைகள் வாடிக் கிடக்கின்றன. அவற்றைக் கடக்கும்போது குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன். ஜன்னலில் மனைவி நிற்கிறாள், அது காலியாக இருக்கிறதா என்று பார்க்க.