கை அம்மனுக்கு, வாய் டாக்டருக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்து மதியம் ஒன்றில், சிவகாசியில் நடந்தது இது. அங்கே ஒரு பல் கிளினிக்கை விலைக்கு வாங்கி நான் உட்கார்ந்து அரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். படித்து முடித்த நாளிலிருந்து சென்னையில் யாரோ ஒருவருடைய கிளினிக்கில், யாரோ ஒருவருடைய பெயர்ப்பலகைக்குக் கீழே பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நமக்கென்று ஒரு நாற்காலி வேண்டும், நம் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு நாலு பேர் வரவேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கும். சிவகாசியில் ஒரு மூத்த டாக்டர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடே போய்த் தங்கப் போகிறார், கிளினிக்கைக் கொடுக்க நினைக்கிறார் என்று தெரிந்ததும் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை, வாசற்படி வரைக்கும் ஜனம். இதற்கு மேல் என்ன யோசனை? வங்கியில் கடனைப் போட்டு வாங்கிவிட்டோம்.

அவர் விமானம் ஏறினார். கூட்டமும் அவர் பின்னாலேயே ஏறிப் போய்விட்டது!

டவுனில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. ஊர் முழுக்க அவருக்கு ‘பாய் டாக்டர்’ என்றுதான் பெயர். வருகிறவர்கள் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டுவார்கள்.

“பளைய டாக்டர் இல்லீகளா?”

“அவர் வெளிநாடு போயிட்டார். இப்ப நான்தான் பார்க்கிறேன், வாங்க.”

“அப்பம் சரி, பெறகு வாறேன்.”

அந்தப் ‘பெறகு’ வரவே வராது. நானும் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். சுவருக்குப் புது வண்ணம், புது நாற்காலி, புது எக்ஸ்ரே. பட்டாசு கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் சாயங்கால நேரத்துக்கு ஏற்றபடி கிளினிக் நேரத்தை மாற்றினேன். கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தேன். பக்கத்து விஸ்வநத்தத்தில் இலவச முகாம்கூடப் போட்டேன். வந்தார்கள், வாயைக் காட்டினார்கள், கொடுத்த பற்பசையை வாங்கிக்கொண்டார்கள். “பாய் டாக்டரு எப்ப திரும்பி வருவாக?” என்று என்னிடமே விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ‘பாய் டாக்டர் வரமாட்டார்’ என்று வாசலில் எழுதித் தொங்கவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

போதாக்குறைக்கு அவரே தினமும் போன் பண்ணுவார். இன்றைக்கு யார் வந்தார்கள், எதிர்க்கடையில் டீ போடுகிறவருக்கு முட்டிவலி தேவலையா, கந்தக வாடை அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள், “மத்தியானம் வெடி போட்டுப் பாக்குற சத்தம் கேக்குதாம்மா?” என்றார். கேட்கிறது சார் என்றேன். “இங்கன ஒரே அமைதிம்மா. அந்த அமைதியில காது வலிக்குது” என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், விற்றுவிட்டுப் போன மனிதர் இன்னும் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சலும் வரும். அவர் ஏங்கியது இந்த ஊருக்காக, நான் ஏங்கியது இந்த ஊர் என்னைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக. இரண்டு பேருமே காய்ந்துபோய்க் கிடந்தோம்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குச் சாட்டி, ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்த நேரம் அது. அன்று மதியம் ஒரு பெண் கணவரோடு வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மஞ்சள் சேலை, வலது கையில் விரதத்துக்குக் கட்டிய காப்பு. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. வலது கன்னம் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வீங்கியிருந்தது. கணவரின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்பு.

வலி பொறுக்காமல்தான் அந்தப் பெண் என் கதவைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். கடைவாய்ப் பல் அழுகி, சீழ் தாடைக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. வாய் சரியாகத் திறக்கவில்லை. காய்ச்சல் அனலாக அடித்தது. பல்வலியில் உயிர் போகுமா என்று கேட்பார்கள். போகும். அந்தச் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சே அடைத்துவிடும். உடனே கீறிச் சீழை எடுக்க வேண்டும், பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “காப்புக் கட்டியிருக்கேன். ரத்தம் சிந்தக் கூடாது. அம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுத்து முடிக்கட்டும், பெறகு வாறேன். இப்ப மாத்திரை மட்டும் குடுங்க.”

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரைக்கும் தாங்காது. அப்படியானால் மதுரைக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுங்கள், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். “காப்புக் கட்டுனவுக ராத்தங்க வெளியூர் போகக் கூடாதும்மா” என்றார் கணவர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உங்களுக்கு உயிர் பெரிசா, சாமி பெரிசா?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

கணவர்தான் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் அவர் வேலை பார்த்த இடத்தில் தீப்பிடித்திருக்கிறது. கூட இருந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. இவர் பிழைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று இந்த அம்மாள் அக்கினிச் சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். “இவ சட்டி எடுக்கலேன்னா எனக்கு ஏதாச்சும் ஆயிரும்னு நெனைக்கா, டாக்டரம்மா. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா.” சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

நான் கேட்ட கேள்வியே தப்பு. அந்த அம்மாள் எடை போட்டுக்கொண்டிருந்தது தன் உயிரையும் சாமியையும் அல்ல, தன் உயிரையும் புருஷன் உயிரையும்.

அதற்குள் அந்த அம்மாள் வாசலுக்கே போய்விட்டார். அங்கே நின்று, கிளினிக்கில் பழைய டாக்டர் காலத்திலிருந்தே உதவியாக இருக்கும் அக்காவிடம், வாயைத் திறக்க முடியாமல் சொல்கிறார்: “பாய் டாக்டரு இருந்தா எனக்கு ஒரு வளி சொல்லியிருப்பாக.”

சுருக்கென்று தைத்தது. அழுகை வந்தது. ஆனால் அந்தப் படியை விட்டு அவர் இறங்கினால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து, முதல்முறையாக நானே பாய் டாக்டரைக் கூப்பிட்டேன், அதுவும் வீடியோவில்.

தலையில் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். அது ரமலான் மாதமும்கூட. இங்கே மதியம் என்றால் அங்கே பொழுது சாய்கிற நேரம். நான் இரண்டே வரியில் விஷயத்தைச் சொல்லி, போனை அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“ஏ தாயி! என்ன இது, மூஞ்சிய இப்பிடி வீங்க வச்சிருக்கே? உம் புருஷன் அடிச்சுப்புட்டானா?”

அந்த அம்மாள் சிரித்தார். சிரித்ததில் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது முடித்ததும் டாக்டர் கேட்டார்.

“சட்டிய எதுல எடுக்கப் போறே?”

“ரெண்டு கையிலயும்தான்.”

“வாயால எடுக்கலயே?”

“என்ன டாக்டரய்யா, வெளையாடுதீக.”

“வெளையாட்டு இல்ல தாயி. கை அம்மனுக்குச் சொந்தம். அதைப் பொத்தி வச்சுக்கோ, ஒரு பொட்டு ரத்தம் அதுல படாது. வாய் என்னைக்குமே டாக்டருக்குத்தான் சொந்தம். அதை எங்கிட்ட குடுத்துரு. மூச்சு இருந்தாத்தானே அம்புட்டுத் தூரம் சட்டியோட நடப்பே? உனக்கும் விரதம், எனக்கும் நோன்பு. ரெண்டு பேரு பட்டினியும் வீணாப் போகாது.”

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் தன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து, காப்புக் கட்டிய கையை விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றினார். சுற்றிய கையைத் தன் தழும்பேறிய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் தானாகவே வந்து நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

“யாரு பண்ணப் போறா?” என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் பிள்ளதான். என் நாற்காலிய நான் கண்டவுகளுக்குக் குடுத்துட்டுப் போவேனா?” என்றார் டாக்டர்.

நான் கையுறையை மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

உதவிக்கு இருக்கும் அக்கா போனை அந்த அம்மாளின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். சட்டியோடு எந்தத் தெரு வழியாகப் போவாய், எங்கே காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், எந்த முக்கில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மாளால் பதில் சொல்ல முடியாது. அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். கோயிலிலிருந்து புறப்பட்டு, பஜார் வழியாக, அந்த மனிதர் அங்கே உட்கார்ந்தபடியே ஊர் முழுக்க நடந்துகொண்டிருந்தார். குரல் போகப்போக இறங்கிக்கொண்டே வந்தது.

நடுவில் அவருடைய மகளின் குரல் கேட்டது. “அத்தா, நோன்பு திறக்க நேரமாச்சு. தண்ணியாவது குடிங்க.” யாரோ அவர் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கொடுத்தார்கள். அவர் அதை விரலில் பிடித்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வந்துவிட்டது.

“முடிஞ்சது சார்” என்றேன்.

அப்போதுதான் பழத்தை வாயில் போட்டார். மென்றுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இங்கன வந்து இம்புட்டு நாளுல, இன்னைக்குத்தாம்மா நம்ம ஊருல நோன்பு தொறந்த மாதிரி இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் வரை அந்த அம்மாளைக் கிளினிக்கிலேயே படுக்க வைத்திருந்தேன். அப்புறம் தினமும் வந்து ஊசி போட்டுக்கொண்டார். வரும்போதெல்லாம் அந்தக் கையில் மஞ்சள் துண்டு சுற்றியிருக்கும், கணவர்தான் பிடித்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது, பொங்கலுக்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. கம்பெனி வேனில் பேசாத பேச்சா? ‘கையில மஞ்சத்துணி கட்டி வைத்தியம் பாக்குற டாக்டரம்மா’ என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கதவைத் திறந்து தலையை நீட்டியவர்கள் மெல்ல மெல்ல உள்ளே வரத் தொடங்கினார்கள். இன்றைக்குக் கிளினிக் நன்றாகவே நடக்கிறது. நாற்காலிகூட இன்னொன்று போட்டாயிற்று.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அதெல்லாம் இல்லை, சட்டி எடுத்த அன்றைக்கு நடந்ததுதான்.

எங்கள் கிளினிக் வாசல் வழியாகத்தான் சட்டிகள் வந்தன. “ஆகோ! அய்யாகோ!” என்ற சத்தம் தெருவை நிறைத்தது. நானும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றேன். அந்த அம்மாள் வந்தார். கைகளில் வேப்பிலை, அதன்மேல் சட்டி, சட்டிக்குள் நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. முகமெல்லாம் வேர்வை. பக்கத்திலேயே கணவர். நான் குனிந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

“பாய் டாக்டரு பாக்காகளா?” என்று கேட்டார்.

அவசரமாகப் போனை எடுத்துக் கூப்பிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். அந்தச் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நெருப்புக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் டாக்டர். அப்புறம் “ஆகோ! அய்யாகோ!” என்று குரல் கொடுத்துக்கொண்டு அவர் நடந்து போய்விட்டார்.

எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது பழைய எரிச்சல் இல்லை. என்றைக்காவது நானும் இந்த நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எங்கேயோ ஒரு தூரத்து ஊருக்குப் போய்ச் சேருவேன். அன்றைக்கும் இந்தத் தெருவில் யாராவது ஒருத்தி, கையில் நெருப்பைத் தாங்கிக்கொண்டு நின்று, ‘அந்த டாக்டரம்மா பாக்காகளா?’ என்று கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தோடுதான் நான் இன்றைக்கும் கிளினிக்கைத் திறக்கிறேன்.