தோள் வரைக்கும் எழுந்த கை

சிக்குன்குனியா வந்த 2006-ம் வருடத்தை நம் சபையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழைக்காலத்தில் நான் எப்படி மாட்டிக்கொண்டு தவித்தேன் என்பதை மட்டும் உங்களுக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. கர்த்தர் செய்ததை இனியும் மறைத்து வைக்க எனக்கு மனமில்லை.

முதலில் விழுந்தவர் என் வீட்டுக்காரர். மந்தாரக்குப்பத்தில் ஒரு கடையில் டீ மாஸ்டராக இருந்தார். காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. ஆனால் டீ ஆற்றுகிற அந்த மணிக்கட்டு வீங்கிப்போய் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் எத்தனை நாளைக்கு அடுப்பை அணைத்து வைப்பார்? பண்ருட்டியிலிருந்து வேறு மாஸ்டரைக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் தெருவில் கொத்தனார், தையல்காரர் என்று ஒவ்வொருவராக வேலை போய் வீட்டில் உட்கார்ந்தார்கள். கறிக்கடைக்காரருக்குக் காய்ச்சலே வரவில்லை, பாவம். வியாதியின் பேரில் 'சிக்கன்' கேட்கிறதே, கோழியால்தான் வருகிறது என்று ஜனங்கள் கிளப்பிவிட்டதில் அவர் கடையும் மூடிக் கிடந்தது.

எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது என் வேலை ஒன்றுதான். பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட்டில் தோட்ட வேலை. பிளாக் பிளாக்காகப் போய் ரோட்டோரப் புல்லை அறுக்க வேண்டும். இருபது பெண்கள் சேர்ந்தது ஒரு செட்டு. காலையில் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்போம். மேஸ்திரி பேர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அரிவாளோடு கையை மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஆள் வந்திருக்கிறாள், அவளவள் அரிவாளும் வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். செட்டில் ஆள் குறைந்தால் அன்றைக்கு மொத்த செட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு செட்டு வந்துவிடும்.

எனக்கும் காய்ச்சல் வந்தது. எழுந்து பார்த்தால் வலது கை விரல்கள் மடங்கவில்லை. தோள் பூட்டிக்கொண்டது. கால் ஊன்றினால் குதிகால் உயிர் போகிற மாதிரி வலித்தது. வீட்டில் இருந்தால் செட்டிலிருந்து பேர் போய்விடும். என்னால் மற்ற பெண்களுக்கும் கூலி போய்விடும். போனால் கை தூக்க முடியாது.

வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டேன். அரிவாளின் பிடியை உள்ளங்கையில் வைத்து, பழைய புடவைத் துணியால் சுற்றிக் கட்டி, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டேன். பேர் கூப்பிடும்போது இடது கையால் முழங்கையை மெல்லத் தாங்கித் தூக்குவேன். தூக்கி இறக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதன்பிறகு குனிந்து, கட்டிய கையால் எப்படியோ அறுத்துவிடுவேன். தினமும் போகிற வழியெல்லாம் இதே ஜெபம்தான்: "ஆண்டவரே, பேர் கூப்பிடுற நேரத்துக்கு மட்டும் கையக் குடுத்துடுங்க."

யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சபையில் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேலை இல்லாதவர்கள். இந்த எஸ்தருக்குக் கை விளங்கவில்லை என்று தெரிந்தால், அவள் இடம் காலியாகப் போகிறது என்றும் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். கூட வேலை செய்கிற அஞ்சலையிடமும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டியவர்களைப் பார்த்தெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய சிறை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் சர்க்கரை டப்பாவின் மூடி இறுகிவிட்டது. நான் திருகிப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் திருகிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நாலு கை இருந்தும் ஒரு மூடி திறக்கவில்லை. அவர் முதலில் சிரித்தார். பிறகு அப்படியே அழுதார். "எஸ்தரு, நம்ம வூட்டுல ஒரு கையாச்சும் நல்லா இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். ஜெபிக்க முழங்கால் போடவும் முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "இதுக்கு மேல முடியாது ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை கான்ட்ராக்டரே நேரில் வருவதாக இருந்தது. புது கான்ட்ராக்ட்டுக்கு எந்த செட்டை எடுப்பது என்று பார்த்து முடிவு செய்வார். அன்று கை எழாவிட்டால் அவ்வளவுதான். மேஸ்திரி வழக்கம்போல டி.வி.எஸ். வண்டியில் உட்கார்ந்தபடியே பேர் கூப்பிட்டார். கொஞ்ச நாளாகவே அவர் வண்டியை விட்டு இறங்குவதில்லை. மனுஷனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

"எஸ்தரு" என்றார். தூக்கினேன். கை இடுப்பைத் தாண்டவில்லை. பக்கத்தில் நின்ற அஞ்சலை, "தூக்குக்கா, பாத்துகினு இருக்காரு" என்று கிசுகிசுத்தபடி என் முழங்கையைத் தாங்க வந்தாள். அவள் சட்டைக் கை மேலே ஏறியது. உள்ளே துணிக்கட்டு. அவளும் அரிவாளைக் கையோடு கட்டியிருந்தாள். நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வேக்காட்டிலும் அத்தனை பேரும் சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார்கள்.

என்னைப் பார்க்க மேஸ்திரி வண்டியைக் கிட்டே கொண்டுவந்தார். என்ஜின் நின்றுவிட்டது. காலை ஊன்ற வேண்டியவர் ஊன்றவில்லை. வண்டியோடு மெல்லச் சாய்ந்து செம்பருத்திச் செடிமேல் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கப் போனோம். ஒருத்திக்கும் பிடிக்கக் கை இல்லை. துணிக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, முழங்கைகளைக் கொடுத்து எப்படியோ அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். தரையெல்லாம் துணித்துண்டுகள் கிடந்தன.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் முட்டி மடங்கல. எறங்குனா திரும்ப ஏற முடியாது. தெரிஞ்சா என்ன மாத்திடுவாங்கன்னு வண்டி மேலயே உக்காந்துகினு இருந்தேன்" என்றார்.

அந்த நேரம்தான் கான்ட்ராக்டரின் கார் வந்து நின்றது. மறைக்க ஒன்றுமில்லை. மேஸ்திரி தரையில் உட்கார்ந்தபடியே உள்ளதைச் சொன்னார்.

"அப்ப வேற செட்டக் கூப்புடு" என்றார் கான்ட்ராக்டர்.

"எந்த செட்டுங்க? பக்கத்து பிளாக்குல போயி சட்டைக் கையத் தூக்கிப் பாருங்க. எல்லாம் இப்பிடித்தான் கட்டிகினு நிக்கும்."

அவர் நிஜமாகவே போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தில் பழைய விறைப்பு இல்லை. "நர்சரில பையில மண்ணு ரொப்புற வேலை கெடக்குது. பாதிப் பேரு இன்னிக்கு, பாதிப் பேரு நாளைக்கு. உக்காந்துகினு செய்யட்டும். கூலி வேலைக்குத் தக்கன. பேரு எல்லாம் அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

நான் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அஞ்சலை அவள் குலசாமியைக் கும்பிட்டாள், நான் என் கர்த்தரைத் துதித்தேன்.

மேஸ்திரிக்கு வியாதியைக் கர்த்தர் கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்டது, நடிப்பதற்குக் கொஞ்சம் பலம். அவர் கொடுத்தது, நடிக்கவே வேண்டாத ஒரு காலை நேரம். என் விரல் அன்று மடங்கவில்லை, பொங்கல் கழித்துத்தான் மடங்கியது. பனிக்காலத்தில் இன்றும் வலிக்கும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடை திரும்பக் கிடைக்கவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஒரு ஓட்டலில் இருக்கிறார், பஸ்ஸில் போய் வருகிறார். அதற்கும் ஸ்தோத்திரம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உடம்பு முடியாதவர்கள் ஜெபத்துக்குக் கையை உயர்த்துங்கள் என்று போதகர் சொன்னார். நான் முதல் ஆளாகத் தூக்கினேன். தோள் வரைக்கும்தான் போனது. வெட்கப்படாமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கை எழுந்தது. பின்னால் ஒன்று. பிறகு ஆலயம் முழுக்க எழுந்தது. ஒரு கைகூடத் தோளைத் தாண்டவில்லை. எனக்குப் பயந்து நீங்களும், உங்களுக்குப் பயந்து நானும் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த கைகள் அவை.

இன்றும் இங்கே யாராவது எதையாவது சட்டைக்குள் கட்டி மறைத்துக்கொண்டு வந்திருந்தால், அவிழ்த்துவிடுங்கள். கை எவ்வளவு எழுமோ அவ்வளவு தூக்குங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களுக்கும் போதும்.