நோட்டில் எழுதிய பன்னிரண்டு மணி நேரம்

சர்க்கரை நோயால் இடது காலில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர் அந்தத் தையல்காரம்மா. ஒரு பள்ளிச் சீருடையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். கால் புண் வராமல் தடுக்கும் காலணி பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறார்களாம். நோயாளிகளும் பங்காளிகளாகச் சேர்ந்து யோசனை சொல்ல வேண்டுமாம்.

"பங்காளின்னா சண்டை போடறவன்தானே. உனக்குன்னே செஞ்ச வேலை" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

தையல்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் போனார். ஒன்பது வருடமாக ஆளாளுக்குக் காலைப் பார்த்தார்களே ஒழிய, முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டவர்கள் இல்லை.

கூட்டம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு தாள். கட்டுப் போட்ட கால்களோடு ஆறு பேர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். மேலே டாக்டர் நாற்பது நிமிடம் திரையைப் பார்த்தே பேசினார். பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். முடிவில், நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகும் சிறு புத்தகத்தின் அட்டை நீலமா பச்சையா என்று யோசனை கேட்டார்கள். இதற்கா மூச்சிரைக்க ஏறி வந்தோம் என்று தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்திலும் அதே அட்டைதான். இந்த முறை எழுத்தின் அளவு.

மூன்றாவது கூட்டத்தில் காலணியை எப்படிச் சோதிக்கப்போகிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். நோயாளி அதை வீட்டிலும் வெளியிலும் போட்டுக்கொள்வார். எத்தனை மணி நேரம் என்று தினமும் நோட்டில் எழுதுவார். முன்பு செய்த ஆராய்ச்சியில் சராசரி பன்னிரண்டு மணி நேரம் வந்ததாம். அந்த ஆராய்ச்சியில் தையல்காரம்மாவும் அங்கிருந்த மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். தையல்காரம்மா இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"டாக்டர், அந்தப் பன்னிரண்டு நான் எழுதினது. போட்டது ரெண்டு மணி நேரம்கூட இருக்காது."

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"குறைச்சு எழுதினா திட்டுறாங்க. அந்தச் செருப்போட தடிச்ச அடியால பெடல் மிதிச்சா மெஷின் எங்க நிக்குது, எங்க ஓடுதுன்னே தெரியல. போட்டா பொழப்பு போகுது, போடலைன்னா காலு போகுது. இதை யாராச்சும் கேட்டீங்களா?"

எதிரே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தரையைப் பார்த்தபடி, தானும் அப்படித்தான் எழுதியதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள்.

இனி எல்லாம் மாறும் என்று தையல்காரம்மா வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளில் கூட்டத்தின் குறிப்பு தபாலில் வந்தது: 'நோயாளிகள் பயனுள்ள கருத்துகள் கூறினர். நீல அட்டையை விரும்பினர்.'

தையல்காரம்மா நேராக நர்ஸிடம் போய்த் தாளை மேஜையில் வைத்தார். இதை எழுத நாங்கள் எதற்கு, பெயின்ட் கடைக்காரர் போதாதா என்று கேட்டார். நர்ஸுக்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாத எரிச்சல் இருந்தது. நாற்பது பேரைக் கெஞ்சி ஆறு பேரைச் சேர்த்தவர் அவர். இருவருமாக உட்கார்ந்து குறிப்பைத் திருத்தி எழுதினார்கள். நர்ஸ் அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாராம்.

ஒரு வியாழக்கிழமை காலை டாக்டர் தையல் கடைக்கே வந்தார், கையில் காலணியோடு. தையல்காரம்மா அதைப் போட்டுக்கொண்டு ஒரு பழைய துணியில் தைத்துக் காட்டினார். நேராகப் போக வேண்டிய தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. டாக்டரும் தன் ஷூவோடு மிதித்துப் பார்த்தார், நூல் அறுந்தது. அடியை எவ்வளவு குறைத்தால் காலுக்குப் பெடல் தெரியும் என்று கேட்டார். தையல்காரம்மா இரண்டு விரலைச் சேர்த்து வைத்து அளவு காட்டினார். இருபது நிமிடத்தில் டாக்டரின் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது.

ஆராய்ச்சி எட்டு மாதம் தள்ளிப்போனது. நோயாளிகள் வேலை செய்யும் இடத்தை முதலில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. பதினான்கு பக்கப் படிவம் மூன்றாகக் குறைந்தது. அதற்குள் தையல்காரம்மாவின் குதிகாலில் புதிதாக ஒரு புண் வந்துவிட்டது. அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அடுத்த கூட்டத்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கேள்விகளில் உதவாதவற்றைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தார்.